பிரிஜித் – அடிமைத் தாயின் மகள் ஏற்ற உயர்ந்த பெயர்



ஜூபிலி மலருக்குப் புனிதர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டனர். அந்தோனியார், சவேரியார், செபஸ்தியார், தெரேசம்மாள் ஆகியோரின் வரலாறுகளை நவநாள் மறையுரைகளில் ஆண்டுதோறும் கேட்டு வருகிறீர்கள். ஆகவே, பெயர் மட்டும் நம்மிடையே வழங்கி, வரலாறு அவ்வளவாக வழங்காத ஒருவரைத் தேடினேன். அப்போது நினைவுக்கு வந்தவர் பிரிஜித்தம்மாள்.

பிரிஜித் மேரி, பிரிஜித்தா, பிரிஜிட், பிரிஜித்தம்மாள் என்று பல வடிவங்களில் இப்பெயர் நம் பக்கத்துப் பங்குகளில் வழங்குகிறது. பாட்டிமார்களிடம் மிகுதி, பேத்திகளிடம் குறைவு. அப்பெயர் கொண்ட வயதான தாய் ஒருவரிடம் உங்கள் பெயரின் பொருள் என்ன என்று கேட்டால், ஏதோ வெள்ளைக்காரப் பெயர், சாமியார் வைத்தது என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் சிறிது கூச்சமும் இருக்கும். பெயரின் பொருளை அறிந்தால் கூச்சத்திற்கு இடமில்லை.

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்திலுள்ள அயர்லாந்துத் தீவில் பிறந்த பெயர் இது. அது அரியமங்கலம் வரைக்கும் வந்துசேர வழிகள் பல இருந்தன. 1838 முதல் மதுரை மிஷனில் மீண்டும் உழைக்க வந்த இயேசு சபைக் குருக்கள் பிரெஞ்சுக்காரர்கள். பிரெஞ்சு மொழியில் இப்பெயரை உச்சரிப்பது ஏறக்குறைய நம் பிரிஜித் போலவேதான். 1842இல் அயர்லாந்திலிருந்து காணிக்கை மாதா சபைக் கன்னியர், அதாவது பிரசன்டேஷன் சிஸ்டர்கள், சென்னைக்கு வந்து பெண் கல்விக்கு அடித்தளமிட்டார்கள். ஆங்கிலேயப் படைகளில் ஐரிஷ் கத்தோலிக்கர் ஏராளமாக இருந்தனர். திருச்சியோ நெடுங்காலம் அப்படைகள் தங்கிய ஊர். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தபோது ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் உடன் வந்தன. அவர்கள் வீடுகளில் கத்லீன், மொரீன், நோரா, ஷீலா என்று பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் குரல் கேட்கும். இவற்றுள் கத்லீன் என்பது கத்தரின். மொரீன் என்பது குட்டி மரியா. நோரா என்பது ஹொனோரா என்னும் இலத்தீன் பெயர். ஷீலா என்பது, பலர் வியப்படையக்கூடும், செசிலியா. (நம் நாட்டு ஷீலாவோ ஒழுக்கம் என்று பொருள்படும் வடசொல், ஒலி ஒன்று, வேர் வேறு.) இவையெல்லாம் வெளியிலிருந்து சென்று ஐரிஷ் நாவில் திரிந்தவை. பிரிஜித் மட்டும் அப்படியன்று. அது அந்த மண்ணிலேயே முளைத்த பெயர்.

பழைய ஐரிஷ் மொழியில் இச்சொல்லுக்கு உயர்ந்தவள், மேலானவள் என்று பொருள். மொழி நூலார் இதன் வேரை ஆராய்ந்து, வடமொழியில் பிருகத் என்று வழங்கும் சொல்லும் இதுவும் ஒரே மூலத்தில் பிறந்தவை என்று காட்டியிருக்கின்றனர். பிருகத் என்றால் பெரிய, உயர்ந்த. அதன் பெண்பால் பிருகதி. ஐரிஷ் பிரிஜித்தும் வடமொழிப் பிருகதியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன அக்காளும் தங்கையும் என்று சொல்லலாம்.

இதை எங்கோ இருக்கும் செய்தியாக எண்ணிவிட வேண்டாம். நம் ஊர் வழியாகச் செல்லும் தஞ்சைச் சாலையில் பேருந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பெரிய கோயிலின் விமானம் தெரியும். அங்கே இறைவன் பெயர் பிரகதீசுவரர், தமிழில் பெருவுடையார். அம்மன் பெயர் பிரகன்நாயகி; தமிழில் பெரியநாயகி. பெரியநாயகி என்றதும் நம் மக்களுக்கு வேறொரு நினைவும் வரும். விருத்தாசலத்திற்கு அருகே கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய திருத்தலத்தில் தேவதாயின் பெயரும் பெரியநாயகி மாதாதான். இத்தாலியிலிருந்து வந்த அந்த மாமுனிவர், இந்நாட்டு மக்கள் நாவில் பழகிய பெயரை அன்னைக்குச் சூட்டினார். ஆகவே பிரிஜித் என்னும் பெயரைத் தமிழில் ஒரு சொல்லால் கூற வேண்டுமானால், பெரியநாயகி என்பதற்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும்.

இனி அப்பெயரைத் தாங்கியவரின் வாழ்க்கைக்கு வருவோம்.

ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏறக்குறைய 451ஆம் ஆண்டில், அயர்லாந்தின் வடகிழக்கே டண்டாக் நகருக்கருகிலுள்ள ஃபாகர்ட் என்னும் இடத்தில் அவர் பிறந்தார் என்பது மரபு. தந்தை துப்தாக், லென்ஸ்டர் பகுதியின் குறுநிலத் தலைவர்களுள் ஒருவர், கிறிஸ்தவர் அல்லர். தாய் புரோக்கா, அவர் வீட்டு அடிமைப் பெண். புனித பத்ரிசியாரின் போதனையால் மனந்திரும்பியவர் என்று சொல்லப்படுகிறது. அடிமைப் பெண் கருவுற்றதை வீட்டுத் தலைவி பொறுக்கவில்லை. சாராளுக்கும் ஆகாருக்கும் நடந்ததை நாம் ஆதியாகமத்தில் வாசித்திருக்கிறோம், அதே கதை. தலைவியின் வற்புறுத்தலால் புரோக்கா விற்கப்பட்டார். வாங்கியவர் துரூயிது என்று அழைக்கப்பட்ட அந்நாட்டுப் பழைய சமயப் பூசாரி. ஆனால் வயிற்றிலிருந்த குழந்தை மட்டும் தந்தைக்கே சொந்தம் என்று பேரம் முடிந்தது. பிறக்குமுன்பே பங்கு போடப்பட்ட குழந்தை!

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புனிதையின் வரலாற்றை முதன்முதலாக இலத்தீனில் விரிவாக எழுதியவர் கொகித்தோசுஸ் என்னும் கில்டேர் துறவி. ஏழாம் நூற்றாண்டில் எழுதினார். அவர் நூலில் தாயின் அடிமை நிலை இல்லை. பெற்றோர் இருவரும் உயர்குடிக் கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டார். அவருக்குப்பின் வந்த வரலாறுகளே அடிமைத் தாயைப்பற்றிக் கூறுகின்றன. எது உண்மை? பெரிய மடத்தின் தலைவியைப்பற்றி எழுதும் ஒருவர், பிறப்பின் தாழ்வை மறைக்க ஆசைப்படுவது உலக இயல்பு. இல்லாத அடிமைத்தனத்தைத் தங்கள் நாட்டின் பெரும் புனிதைமீது பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொல்ல என்ன தேவை இருந்திருக்கும்? ஆகவே பின்வந்தவர்கள் சொல்வதையே நான் நம்புகிறேன். சாதியும் குலமும் பார்த்துப் பெருமை பேசும் நம் மக்களுக்கும் இந்தச் செய்தி கசப்பாக இருக்கலாம்.

குழந்தை பூசாரியின் வீட்டில் பிறந்து வளர்ந்தது. ஒரு நாள் இரவு அந்தப் பூசாரி கனவு கண்டார். வெள்ளுடை அணிந்த மூன்று குருக்கள் அந்தப் பெண் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்து, இவளுக்குப் பிரிஜித் என்றே பெயர் என்று அவரிடம் கூறினராம். ஒரு பழைய ஐரிஷ் வரலாறு இவ்வாறு சொல்கிறது. கனவு எதுவாயினும், அந்நாட்டில் அப்பெயரைக் கேட்டவர்கள் திடுக்கிட்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஏனெனில் அது அவர்கள் வணங்கிய தெய்வத்தின் பெயர். கவிதைக்கும் மருத்துவத்திற்கும் கொல்லர் தொழிலுக்கும் காவலாக மூன்று சகோதரிகள், மூவருக்கும் பெயர் பிரிஜித் என்று ஏறத்தாழ 900ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஐரிஷ் சொற்பொருள் நூல் குறித்து வைத்திருக்கிறது. ஓர் அடிமைப் பெண்ணின் குழந்தைக்கு, உயர்ந்தவள் என்று பொருள்படும் தெய்வப் பெயர்!

பத்து வயதளவில் சிறுமி தந்தையின் வீட்டுக்குத் திரும்பினார். அங்கே பன்றி மேய்த்தல், சமையற்கட்டு வேலை, ஆடு பார்த்தல். உரிமை மகளா, வேலைக்காரியா என்று அவருக்கே தெரியாத நிலை. அதற்குள் தாய் நோயுற்றுப் பூசாரியின் பால்பண்ணையில் தவிப்பதைக் கேள்வியுற்று, தந்தையின் அனுமதியின்றியே அங்குச் சென்று தாயின் வேலையைத் தாம் ஏற்றுக்கொண்டார். பன்னிரண்டு பசுக்களின் பாலைக் கடைந்து வெண்ணெய் எடுக்க வேண்டும். எடுத்த வெண்ணெயைப் பன்னிரண்டு திருத்தூதர்களின் பெயரால் பன்னிரண்டு பங்காகவும், ஆண்டவரின் பெயரால் சற்றுப் பெரிதாகப் பதின்மூன்றாம் பங்காகவும் பிரித்து வைப்பார். அந்தப் பதின்மூன்றாம் பங்கு வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் போகும். காலப்போக்கில் மற்றப் பங்குகளும் போயின! செய்தி எட்டிய பூசாரியும் மனைவியும் பெரிய கூடையுடன் சோதிக்க வந்தார்கள். சேமிப்பில் சிறிதளவே இருந்தது. பிரிஜித் உள்ளறைக்குப் போய் மன்றாடிவிட்டு வந்து எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, கூடை நிறைந்ததாம். பூசாரி மனம் மாறி, பசுக்களை அவருக்கே கொடுக்க முன்வந்தார். பிரிஜித் பசுக்களை ஏற்கவில்லை. தம் தாயை விடுவிக்கும்படி மட்டும் கேட்டார். தாய் விடுதலை பெற்றார். பூசாரியும் திருமுழுக்குப் பெற்றார் என்று கதை முடிகிறது.

கூடை நிறைந்த புதுமையைப்பற்றி அவரவர் விசுவாசத்திற்கேற்ப எண்ணிக்கொள்ளலாம். என் உள்ளத்தைத் தொடுவது அந்தக் கேள்விதான். பசுக்கூட்டம் கையில் வரும் நேரத்தில் அதை விட்டுத் தாயைக் கேட்கிறார்.

தந்தையின் வீட்டில் மீண்டும் பழைய சிக்கல். பிரிஜித்தின் கைபட்ட எதுவும் வீட்டில் தங்கவில்லை. இறைச்சி நாய்க்குப் போயிற்று, மாவு பிச்சைக்காரருக்குப் போயிற்று. இவளை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்று துப்தாக் அவரைத் தேரில் ஏற்றிக்கொண்டு லென்ஸ்டர் அரசரிடம் சென்றார். கௌரவத்திற்காக அன்று, மாவு அரைக்கும் அடிமையாக விற்பதற்காக. அரண்மனைக்குள் ஆயுதத்துடன் போகக்கூடாது என்பதால் தம் வாளைத் தேரில் வைத்துவிட்டு உள்ளே போனார். விலை பேசி முடித்து வெளியே வந்து பார்க்கிறார், வாளைக் காணோம். தொழுநோயாளர் ஒருவர் வந்து கேட்டாராம், கொடுத்துவிட்டாராம். அது அரசரே பரிசாகக் கொடுத்த வாள். சினந்த தந்தை மகளை அரசர் முன் நிறுத்தினார். அரசர் காரணம் கேட்டபோது, தமக்கு இயலுமாயின் அரசரின் செல்வத்தையும் தந்தையின் செல்வத்தையும் சேர்த்து ஏழைகளுக்கே கொடுத்துவிடுவேன் என்று அந்தப் பெண் அச்சமின்றிச் சொன்னார். அரசர் கிறிஸ்தவர். இவளை விலைபேசுவதற்கு உமக்கும் தகுதியில்லை எனக்கும் தகுதியில்லை என்னும் கருத்துப்பட மறுத்துவிட்டு, துப்தாக்குக்கு வேறொரு வாளைக் கொடுத்தனுப்பினார். அன்று முதல் பிரிஜித் உரிமைப் பெண்.

பிறகு திருமணப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொள்ளும் ஆற்றல் தமக்கு இல்லையென்று கண்டபோது தம் அழகை எடுத்துவிடுமாறு மன்றாடினார் என்றும், கண் ஒன்று கெட்டது என்றும், துறவு வாக்குறுதி கொடுத்தவுடன் குணமாயிற்று என்றும் சொல்வார்கள். ஏழு தோழியருடன் அவர் ஆயர் மெல் என்பவரிடம் முக்காடு பெற்றார். அந்த ஆயர் முதுமையின் மயக்கத்தில் தவறுதலாக ஆயருக்குரிய அருட்பொழிவு மன்றாட்டையே வாசித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. இறையியல் படித்தவர்கள் இதைக் கேட்டு நெற்றியைச் சுருக்குவார்கள். ஆனால் கதைக்குப் பின்னணி உண்டு: கில்டேர் மடத் தலைவியர் பல நூற்றாண்டுகள் ஆயருக்கு நிகரான மதிப்புடன் விளங்கினர். அந்த மதிப்புக்கு விளக்கம் தேடிய மக்கள் இக்கதையைச் சொல்லியிருக்க வேண்டும்.

கில்டேர் என்றால் கருவாலி மரத்துக் கோவில். ஏறக்குறைய 480ஆம் ஆண்டில் ஒரு பெரிய கருவாலி மரத்தின் அடியில் பிரிஜித் தம் மடத்தை அமைத்தார். கன்னியருக்கும் துறவியருக்குமாக இரட்டை மடம். கன்னியர் பக்கத்தைத் தாமே நடத்தினார். துறவியர் பக்கத்திற்கும் திருவருட்சாதனங்களுக்கும் கான்லெத் என்னும் ஆயரைத் தாமே தேர்ந்து அழைத்துக்கொண்டார். கான்லெத் பொன்வேலையில் வல்லவர். மடத்தின் பட்டறையில் திருக்கிண்ணங்களும் மணிகளும் செய்யப்பட்டன. கோவிலுக்குள் நெடுகப் பலகைச் சுவர் ஒன்று எழுப்பி, ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமும் ஒரே பலியில் பங்குபெற்றதைக் கொகித்தோசுஸ் எழுதியிருக்கிறார். நம் ஊர்க் கோவில்களில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று வழங்கும் பழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பலகை மட்டும் நம்மிடம் இல்லை. நாளடைவில் கில்டேர் பெரிய ஊராயிற்று. மதில் இல்லாத அந்த ஊருக்குள் வந்துவிட்டால் எந்த எதிரியும் தொட மாட்டான்.

மடத்திற்கு நிலம் கிடைத்த கதையை ஐரிஷ் குழந்தைகள் அனைவரும் அறிவர். அரசர் நிலம் தர மறுத்தபோது, என் மேலாடை மூடுகிற அளவு போதும் என்று பிரிஜித் கேட்டார். அரசர் சிரித்து ஒப்புக்கொண்டார். நான்கு கன்னியர் ஆடையின் நான்கு முனைகளைப் பிடித்துக்கொண்டு நான்கு திசையிலும் ஓட, ஆடை விரிந்துகொண்டே போய்ச் சமவெளி முழுவதையும் மூடியதாம். மூன்றடி மண் கேட்ட வாமனனின் கதையை அறிந்த நம் நாட்டாருக்கு இந்தக் கதை புதிதாகத் தோன்றாது. அந்தச் சமவெளி குர்ரா என்ற பெயரில் இன்றும் ஆடுகள் மேயும் பொது மேய்ச்சல் நிலமாக இருக்கிறது.

தொழுநோயாளர் குடிக்கக் கேட்டபோது குளியல் தண்ணீரைப் பீராக மாற்றினார் என்றொரு கதையும் உண்டு. குடியினால் குடும்பங்கள் படும் பாட்டை அறிந்தவன் நான். ஆகவே இதற்குமேல் அதை விரிக்கப் போவதில்லை.

525ஆம் ஆண்டையொட்டி, பிப்ரவரி முதல் நாள் பிரிஜித் இறந்தார். ஆண்டுக் குறிப்பேடுகள் 524 என்றும் 526 என்றும் 528 என்றும் மாறுபடுகின்றன. கோவிலின் பீடத்திற்கு ஒருபுறம் பிரிஜித்தும் மறுபுறம் கான்லெத்தும் அடக்கம் செய்யப்பட்டு, கல்லறைகளின் மேலே பொன், வெள்ளி மகுடங்கள் தொங்கின. வைக்கிங் கொள்ளையருக்கு அஞ்சி அவர் திருப்பண்டங்கள் பின்னர் டவுன்பேட்ரிக் நகருக்குக் கொண்டுபோகப்பட்டன; அங்கே பத்ரிசியாருடனும் கொலும்பாவுடனும் வைக்கப்பட்டார் என்பது மரபு. தலை எலும்பு போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் லுமியார் கோவிலில் காக்கப்படுகிறது.

கில்டேரில் அணையாத தீ ஒன்று இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அயர்லாந்து சென்ற வேல்ஸ் நாட்டு ஜெரால்டு என்னும் குரு இதை எழுதி வைத்தார். பத்தொன்பது கன்னியர் இரவுக்கு ஒருவராக அதைக் காப்பார்கள். இருபதாம் இரவு விறகை அடுக்கி வைத்துவிட்டு, பிரிஜித்தம்மா, இன்றைய முறை உம்முடையது என்று விட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். விடியும்போது தீ எரிந்துகொண்டிருக்கும். சீர்திருத்தக் காலத்தில் மடங்கள் மூடப்பட்டபோது அது அணைந்தது. 1807இல் அவர் பெயரால் தொடங்கப்பட்ட பிரிஜித்தின் கன்னியர் சபையினர் 1993இல் கில்டேரில் அதை மீண்டும் ஏற்றினார்கள்.

தெய்வத்தின் பெயர், தீ, வசந்தத்தின் முதல் நாளில் திருநாள். இவற்றைக் காட்டி, பிரிஜித் என்றொரு பெண்மணி இருந்ததே இல்லை, பழைய தெய்வத்திற்குத் திருச்சபை முக்காடு போட்டுவிட்டது என்று சில அறிஞர் எழுதுவதுண்டு. கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதை எங்காவது வாசித்துவிட்டு வந்து கேட்கக்கூடும். தெய்வத்தைப்பற்றிய கதைகள் சில புனிதைமேல் ஏறியிருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கில்டேர் மடம் கற்பனையன்று. அவர் இறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் அந்த மடத்தைச் சேர்ந்தவரே வரலாறு எழுதினார். அவர் காலத்தில் கல்லறை கண்முன் இருந்தது. அம்மனின் பெயர் கொண்ட பெண்கள் நம் தெருவில் எத்தனை பேர்! பெயர் ஒன்றாக இருப்பதால் அவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்களா?

அவருக்குப் பிறகு அப்பெயர் நடந்த வழிதான் விசித்திரமானது. தொடக்கத்தில் ஐரிஷ் மக்கள் மரியாதை காரணமாக அதைத் தங்கள் குழந்தைகளுக்கு நேரடியாக வைக்கத் துணியவில்லை. பிரிஜித்தின் ஊழியன் என்று பொருள்படும் மால்பிரிஜித் என்ற பெயரை ஆண்களுக்குச் சூட்டினர். மரியதாஸ், சவேரிதாஸ், அருள்தாஸ் என்று நாம் வைப்பது போலத்தான். பின்னர் பெயர் கடல் கடந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் பிர்கித்தா ஆயிற்று. 1303இல் பிறந்த சுவீடன் நாட்டுப் புனிதை பிர்கித்தா தாங்கியது இந்த ஐரிஷ் பெயரையே. எட்டுப் பிள்ளைகளின் தாய்; கணவர் இறந்தபின் துறவற சபை கண்டவர்; 1373இல் உரோமையில் இறந்தார்.

இங்கேதான் நம்மவர் பலர் குழம்புகிறார்கள். புனித பிரிஜித்தம்மாளின் பதினைந்து செபங்கள் என்று சிறு புத்தகமாக நம் வீடுகளில் இருப்பது சுவீடன் நாட்டவரின் பெயரால் வழங்குவது. அயர்லாந்துப் பிரிஜித்தின் பெயரால் அன்று. செபங்கள் ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்க உதவும் நல்ல செபங்கள். அவற்றோடு அச்சிடப்படும் பெரிய வாக்குறுதிகளை நம்பத்தக்கவையாக எடுத்துக்கொள்ளக்கூடாதென்று உரோமைத் திருப்பணியகம் 1954இலேயே எச்சரித்துவிட்டது. புத்தகம் விற்பவர்கள் அதை அச்சிடுவதில்லை. திருநாள்களும் வேறு: அயர்லாந்துப் பிரிஜித்துக்குப் பிப்ரவரி 1, சுவீடன் பிர்கித்தாவுக்கு ஜூலை 23, 1969ஆம் ஆண்டு நாள்காட்டித் திருத்தத்திற்கு முன்னர் அக்டோபர் 8. எந்த நாளில் பெயர்த் திருநாள் கொண்டாடுவது என்று கேட்கும் நம் தாய்மார்கள், தங்களுக்குப் பெயர் வைத்தபோது எந்தப் புனிதையைப் பெற்றோர் நினைத்தனர் என்று அறிய முடிந்தால் அந்நாளைக் கொண்டாடலாம். அறிய முடியாதவர்கள் முதலாமவரைக் கொண்டாடட்டும். இரண்டாமவரின் பெயரும் அவரிடமிருந்து வந்ததுதானே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் கொடிய பஞ்சம். 1845 முதல் சில ஆண்டுகள் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். இன்னும் அத்தனை பேர் கப்பலேறினர். அமெரிக்க நகரங்களில் அடுக்களை வேலைக்குப் போன ஏழை ஐரிஷ் பெண்களில் பிரிஜித் என்ற பெயர் அவ்வளவு மிகுதி. ஆகையால், வீட்டுக்காரர்கள் வேலைக்காரி எவளாயிருந்தாலும் பிரிஜித் என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். அவள் சொந்தப் பெயரைக் கேட்கவும் இல்லை. பத்திரிகைகளில் பிரிஜித் என்ற பெயரோடு கேலிச் சித்திரங்கள் வந்தன. அந்த அவமானத்தால் அடுத்த தலைமுறையினர் தங்கள் பெண்களுக்கு அப்பெயரை வைக்க அஞ்சினர். அடிமைத் தாயின் மகள் சுமந்து உயர்த்திய பெயர், மீண்டும் வேலைக்காரியின் பெயராகிக் கேலிக்கு ஆளாயிற்று. நம் பாட்டிமார்களின் கூச்சத்துக்கும் ஐரிஷ் பெண்களின் இந்தக் கூச்சத்துக்கும் அதிக தூரம் இல்லை.

திருமுழுக்குக்குப் பெயர் எழுத வரும் பெற்றோருக்கு ஒரு சொல். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 761ஆம் எண், கிறிஸ்தவப் பெயரே வைக்கப்பட வேண்டும், பெற்றோர் இணங்காவிடில் குருவானவர் ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. நம் வீடுகளில் கூப்பிடும் பெயர் ஒன்று, பதிவேட்டில் வேறொன்று என்ற நிலைக்கு இதுவும் ஒரு காரணம். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 855ஆம் எண் கேட்பது அவ்வளவு இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு மாறான பெயர் வேண்டாம் என்பது மட்டுமே. ஆகவே அன்பரசி, அருள்மொழி, பெரியநாயகி என்று பெயர் வைக்க விரும்பும் பெற்றோர் என்னிடம் தயங்கித் தயங்கிப் பேச வேண்டியதில்லை. பிரிஜித்தும் ஒரு காலத்தில் எந்தப் புனிதரின் பெயரும் அன்று. ஒரு பெண் அதைத் தாங்கி வாழ்ந்தபின்தான் புனிதரின் பெயராயிற்று.

அயர்லாந்தில் இப்போது அவருக்கு மீண்டும் மதிப்பு வந்திருக்கிறது. 2023 முதல் அவர் திருநாளையொட்டி அரசு விடுமுறை; அந்நாட்டில் ஒரு பெண்ணின் பெயரால் வந்த முதல் அரசு விடுமுறை இது. 2024 ஜனவரியில், அவர் இறந்து ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூரும் விழாவில், அவர் திருப்பண்டத்தில் ஒரு சிறு பகுதி பவனியாகக் கில்டேர்க் கோவிலுக்குக் கொண்டுவரப்பட்டது.

அவர் பெயரால் வழங்கும் சிலுவையைப்பற்றியும் எழுத வேண்டும். மரணப் படுக்கையில் இருந்த, விசுவாசமற்ற தலைவர் ஒருவரின் அருகில் பிரிஜித் உட்கார்ந்திருந்தார். அந்நாட்டில் தரையில் பாய்போலக் கோரை பரப்பியிருப்பார்கள். பேசிக்கொண்டே கீழேயிருந்த கோரையை எடுத்து மடித்து மடித்துப் பின்னினார். என்ன செய்கிறாய் என்று நோயாளி கேட்க, சிலுவையின் பொருளை அவருக்கு விளக்கினார். அவர் திருமுழுக்குப் பெற்று இறந்தார். அதிலிருந்து ஜனவரி 31ஆம் நாள் மாலையில் ஐரிஷ் குடும்பங்கள் கோரைச் சிலுவை பின்னி, வாசற்படிக்கு மேல் செருகி வைக்கிறார்கள். தீயிலிருந்தும் பசியிலிருந்தும் வீட்டைக் காக்கும் என்பது நம்பிக்கை. ஓராண்டு அங்கேயே இருக்கும்.

நமக்குக் கோரைக்குப் பஞ்சமில்லை. முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் பாய் நெய்யும் கோரையே இதற்குப் போதும். குருத்தோலையில் சிலுவை பின்னத் தெரிந்த நம் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கைப்பழக்கமும் உண்டு. முதலில் ஒரு கோரையை நேராகப் பிடித்து, இன்னொன்றை நடுவில் மடித்து அதன்மேல் போட்டு வலப்பக்கம் இழுக்க வேண்டும். பிறகு முழுவதையும் கால் சுற்று இடப்பக்கம் திருப்பி, அடுத்த கோரையை அதேபோல் மடித்துப் போட வேண்டும். நடுவில் சதுரம் வளர்ந்துகொண்டே வரும். நான்கு பக்கமும் கை நீளும். போதிய அளவு வந்ததும் நான்கு முனைகளையும் நூலால் கட்டிவிடலாம். கோரை காய்ந்திருந்தால் ஒடியும். முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்டு வையுங்கள்.